உண்மைப் பிரதி

சரியாக முப்பத்தொரு மணித்தியாலங்கள் இருந்தன.

நாளை பின்னேரம் நாலு மணிக்கு, மருதனார்மடச் சந்தியிலுள்ள கொம்பியூட்டர் நிலையத்தின் நிர்வாகசபை கூடும். அதற்குள் மியூரியல் நேசையா ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் விஷயம் அந்த மேசையோடு முடியும். வைக்காவிட்டால் இங்கிலாந்தில் அவளுக்கு இடம் கொடுத்திருக்கும் கல்லூரிக்கு நிலையம் எழுதும், பரீட்சை வினாக்களை முன்கூட்டியே வெளியே விட்ட பெண் என்று.

இதையெல்லாம் சொன்னவர் மியூரியலின் தாய் ஐரிஸ். ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு வசனத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்துக் கதைத்தார். மகள் பக்கத்துக் கதிரையில் இருந்து தன் கைக்குட்டையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. ஒரு வருடமாக அந்த நிலையத்தில் படிப்பிக்கிறாள்.

இணுவிலில் ஞானாம்பிகையின் முன்னறையில் மூன்று கதிரைகள்தான். அதனால் உதவியாளன் லியோன் ஜன்னல் கட்டில் ஏறி இருந்தான். கடற்கரைப் பாசையூர்க்காரன், முன்னாள் பஸ் கொண்டக்ரர். பஸ் எரிந்த அன்று அவன் அதிலிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்தது தன் வாயை மட்டும்.

ஞானாம்பிகைக்கு முப்பத்தெட்டு வயது. துப்பறிய வருமுன் ஒரு பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தாள். தன் மேலதிகாரி ஒரு முட்டாள் என்று அவருக்கே எழுத்தில் அறிவித்தாள். அந்தக் கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதற்காக மட்டும் இன்றுவரை வருந்துகிறாள்.

“டிரெக்ரர் ஆர்?” என்று கேட்டாள்.

“சண்முகநாதன்,” என்றார் ஐரிஸ்.

“நெத்தியிலை மூண்டு குறி, பொக்கற்றிலை மூண்டு பேனை. அவர்தானே?” என்றான் லியோன்.

“உமக்குத் தெரியுமோ?” என்றாள் ஞானாம்பிகை.

“மூண்டு பேனையிலை ஒண்டு என்ரை, அக்கா. பஸ்ஸுக்குள்ளை இரவல் வாங்கினவர். மற்ற ரெண்டும் ஆற்றையோ தெரியாது.”

ஐரிஸ் தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அஞ்சலட்டை அளவு, கறுப்பு வெள்ளை. ஒரு கொம்பியூட்டர்த் திரை. மேலே உ. அதன் கீழே ஆங்கிலத்தில் நிலையத்தின் பெயர். பிறகு ஐந்து வினாக்கள். அடியில் எம். நேசையா என்ற பெயரும் ஓகஸ்ற் பதினான்கு என்ற திகதியும். பரீட்சை நடந்தது பதினெட்டாம் திகதி. அதில் வந்ததும் இதே ஐந்து வினாக்கள்.

சண்முகநாதனின் அறிக்கையும் இருந்தது. மியூரியல் தேத்தண்ணிக்குப் போன நேரம் திரை எரிந்தபடி கிடந்ததாம். பியோன் கண்டானாம். டிரெக்ரர் கமராவோடு ஓடிப் படம் எடுத்தாராம். ஆகவே எழுத்துப் பரீட்சை இரத்து. கொழும்பிலிருந்து பரீட்சகர் வந்து இருபத்தைந்தாம் திகதி நடத்தவிருந்த செய்முறைப் பரீட்சையும் இரத்து. நாற்பத்தாறு மாணவர்களின் ஒரு வருடம் போயிற்று. பழி மியூரியலுக்கு.

“ஏன் கமரா?” என்றாள் ஞானாம்பிகை. “திரையிலை கிடக்கிறதை எடுக்கக் கொம்பியூட்டரிலை ஒரு வழியும் இல்லையோ?”

மியூரியல் முதல் தடவையாக நிமிர்ந்தாள். பாடம் என்றதும் அவளுடைய குரல் தெளிவானது.

“இருக்கு, மிஸ். எங்கடை பெரிய மெஷினிலை ஷிஃப்ற் கட்டையையும் பிறின்ற் ஸ்கிறீன் எண்ட கட்டையையும் சேர்த்து அமத்தினால், திரையிலை இருக்கிறது அப்பிடியே பிறின்ரரிலை வருமாம்.”

“வேறை மெஷினுகளிலை?”

“ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. ரீவியிலை பூட்டுற சின்னதுகளிலை கொப்பி எண்டு அடிச்சால், உள்ளங்கை அகல வெள்ளிக் கடதாசியிலை வரும். கொழும்பிலை மாமா வீட்டை கண்டனான். பிறின்ரர் இல்லாத ஆக்கள் வீடியோ டெக்கைப் பூட்டித் திரையைப் பதிவினம். அசையிறது எல்லாம் அதிலை விழும்.”

“அப்ப உங்கடை டிரெக்ரர் ஏன் கட்டையை அமத்தேல்லை?”

“பிறின்ரருக்கு றிபன் இல்லை எண்டவர்.”

“றிபன் இல்லாத பிறின்ரர், மை இல்லாத பேனை,” என்றான் லியோன். “மனிசன் ஒரே கொள்கையிலை நிக்கிறார்.”

ஞானாம்பிகை படத்தை மியூரியலிடம் நீட்டினாள். “இதை நீங்கள் அடிச்சனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப இது எப்பிடி வந்தது?”

“தெரியாது.” அவள் படத்தை வாங்கினாள். பார்க்காமலே தாயிடம் கொடுத்தாள்.

“நாளைக்குக் கையெழுத்து வைக்கப் போறியளோ?”

“அம்மா வேண்டாம் எண்டுறா.”

“நான் அம்மாவைக் கேக்கேல்லை.”

ஐரிஸ் எழுந்தார். “என்ரை பிள்ளை பொய்யிலை கையெழுத்து வைச்சு வளர்ந்தவள் இல்லை,” என்றார். மகளின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. ஞானாம்பிகை அதைக் குறித்துக்கொண்டாள்.

*

நிலையம் சந்தியில் ஒரு ஸ்ரூடியோவுக்கு மேல் மாடியில் இருந்தது. படியடியில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று எழுதியிருந்தது. லியோன் கழற்றினான். “நல்லவேளை, தேங்காய் கேக்கேல்லை,” என்றான்.

கொம்பியூட்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. சிவப்பு வெல்வெற்றுத் துணி போர்த்தியிருந்தார்கள். துணியின் நெற்றியில் சந்தனப் பொட்டு. அறைக்கு வெளியே வாங்குகளில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் இருந்து, கார்ட்போட் மட்டையில் கீறிய எழுத்துக் கட்டைகளை விரலால் அமத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். மட்டையில் எழுத்துகள் தேய்ந்திருந்தன. அவ்வளவு படிப்பு.

சண்முகநாதன் வந்தார். வெள்ளை நாஷனல் சட்டை, வெள்ளை வேட்டி, மூன்று பேனை. தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிக் கதைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. கொம்பியூட்டர் பற்றிக் கதைத்த நேரம் முழுவதும் கண் மூடியே இருந்தது.

“படம் எடுத்த மெஷினைப் பாக்கலாமோ?”

“கண்ணாடிக்குள்ளாலை பாக்கலாம். தூசி ஆகாது.”

“ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ.”

“வோல்ற்றேச் காணாது, பிள்ளை. மெஷினுக்குக் கூடாது.”

மேலே மின்விசிறி வெறி பிடித்ததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த மாணவி ஒருத்தி தன் மட்டை பறக்காமல் முழங்கையால் அமத்திப் பிடித்தாள்.

கீழே வந்ததும் ஞானாம்பிகை நேரே ஸ்ரூடியோவுக்குள் போனாள். தன் பிலிமைக் கழுவச் சண்முகநாதன் வேறெங்கும் போயிருக்க மாட்டார். இரண்டாவது கடை என்றால் தெருவைக் கடக்க வேண்டும்.

ஸ்ரூடியோக்காரர் வின்சன்ற் பழுதான படங்களை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைப்பவர். கிளறி ஒன்றை எடுத்துத் தந்தார். அதே திரை, அதே வினாக்கள். ஆனால் நடுவே அகலமான கறுப்புப் பட்டை ஒன்று குறுக்காக விழுந்திருந்தது.

“இது முதல் அடிச்சது. அவர் கமராவின்ரை வேகத்தைக் கூட்டி வைச்சு அடிச்சிருக்கிறார். ரீவியை அப்பிடி அடிச்சால் பட்டை விழும். பிறகு குறைச்சு அடிச்சிருக்கிறார், வடிவாய் விழுந்திருக்கு.”

“ரீவியோ?”

“பின்னை? கலியாண வீட்டு வீடியோவைக் கொண்டு வந்து, உதிலை நிக்கிற பெடியன்ரை முகத்தை எடுத்துத் தா எண்டு கிழமைக்கு ஒருத்தர் வருகினம். எனக்குத் தெரியாதோ? மேலை பாருங்கோ.”

அந்தப் படம் சற்றுத் தூரத்தில் நின்று எடுத்தது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு துணி தொங்கியது. துணியில் இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு முட்டியபடி நூலால் பின்னப்பட்டிருந்தன.

“கண்ணாடி அறைக்குள்ளை கிளி இல்லை, அக்கா,” என்றான் லியோன். “செருப்போடை வந்திருக்கும், விட்டிருக்க மாட்டினம்.”

*

தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போது இராணுவத்தின் ஹெலிகொப்ரர் வந்தது. கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கினார். எல்லோரும் ஒதுங்கினார்கள். அது கோட்டைப் பக்கம் போகும்வரை செய்ய ஒன்றுமில்லை. லியோன் இரண்டு படங்களையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, உது என்ன? மேலை கிடக்கிற கொழுக்கி?”

“எது?”

“உதுதான்.”

“அது பிள்ளையார் சுழி. உ. நாங்கள் எதையும் எழுத முதல் போடுறது.”

“அது தெரியும். எங்கடை ஆக்கள் சிலுவை போடுவினம். நான் கேக்கிறது, கொம்பியூட்டருக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?”

ஞானாம்பிகை கோப்பையை வைத்தாள்.

மூன்று மணித்தியாலமாக அந்தப் படத்தைக் கையில் வைத்திருக்கிறாள். வினாக்களின் எழுத்தை எண்ணினாள். திகதியைப் பார்த்தாள். முதல் எழுத்தைப் பார்க்கவில்லை. பிறந்த நாள் முதல் கண்ட எல்லாக் கடதாசியின் தலையிலும் அது இருந்தது. கடைச் சாமான் பட்டியலில்கூட இருந்தது. அதனால் கண் அதன்மேல் நிற்காமல் வழுக்கிப் போயிற்று. தன் முன்னாள் மேலதிகாரியைப் பற்றி எழுதிய சொல்லைத் தனக்கும் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

“கொம்பியூட்டரிலை உ போடுறது ஆர், லியோன்?”

“சாத்திரிமார்தான் போடவேணும்.”

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வலிகாமத்தில் கொம்பியூட்டரில் சாதகம் கணிக்கும் ஆள் ஒருவர்தான் இருந்தார்.

*

அச்சுவேலிப் பரமலிங்கம் ஓய்வுபெற்ற தபாலதிபர். இலண்டனிலிருந்து மகன் அனுப்பிய சின்னக் கொம்பியூட்டரை ரீவியில் பூட்டி வைத்திருந்தார். றப்பர்க் கட்டைகள். ஒரு புத்தகத்தின் அளவு. ரீவியின் மேல் ஒரு துணி. துணியில் இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டிருந்தன.

லியோன் கிளிகளைப் பார்த்துத் தலையசைத்தான், பழகிய ஆட்களைக் கண்டதுபோல.

பரமலிங்கத்திடம் எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. தன் மெஷினைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வரும் என்று அவர் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

“பிள்ளை, உ போடாமல் ஒரு சாதகம் தொடங்கலாமோ?”

“ஏலாது.”

“இங்கிலீசுக்காரன்ரை மெஷினிலை உ இல்லை. ஆனபடியால் நானே செய்தனான். எட்டுக்கு எட்டுப் பெட்டி. எந்தப் பெட்டி வெளிச்சம், எந்தப் பெட்டி இருட்டு எண்டு அதுக்குச் சொல்ல வேணும். மூண்டு நாள் எடுத்தது. முதல் நாள் வந்தது உ மாதிரி இல்லை, இறால் மாதிரி இருந்தது.”

“எங்கடை ஊரிலை அதுக்குத்தான் மதிப்பு,” என்றான் லியோன்.

“இப்ப என்னத்தை அடிக்கப் போனாலும் முதல்லை உ வந்து நிக்கும். அழிக்க ஏலாது. அப்பிடி எழுதி வைச்சிருக்கிறன்.”

“மருதனார்மடத்துப் பெரிய மெஷினிலை உப்பிடி வருமோ?”

பரமலிங்கம் சிரித்தார். “அந்தப் பச்சைத் திரையோ? வெள்ளைக்காரன் உள்ளுக்கு வைச்சு அனுப்பின எழுத்துத்தான் அதுக்கு. பிள்ளையாரே வந்து கேட்டாலும் ஒரு சுழி சுழிக்காது.”

“உங்களிட்டைப் பிறின்ரர் இல்லையே. சாதகத்தை எப்பிடி எடுக்கிறனீங்கள்?”

“திரையை டெக்கிலை பதியிறனான். பிறகு நிப்பாட்டிப் போட்டு, பாத்துப் பாத்துக் கையாலை எழுதிறது.”

“நிப்பாட்டினால் படம் ஆடுமே?”

“ஆடும். ஒருக்காச் சனி ஆடி எட்டாம் வீட்டுக்குப் போட்டுது. அந்தப் பெட்டையின்ரை கலியாணம் குழம்பினது.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. சனி ஆடினால் தபாலதிபர் என்ன செய்வார்.

“எல்லாத்தையும் பதிவியளோ?”

“எல்லாம். எப்ப கரண்ட் போகும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. “என்ரை படத்துக்கு மேலைதான் பதியிறவர். கதாநாயகி கிணத்துக்குள்ளை குதிக்கப் போறாள், அந்த நேரம் பாத்து நவக்கிரகம் வருது. குதிச்சவளோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

படத்தைக் காட்டியதும், பரீட்சை முடிந்து இரண்டாம் நாள், புதன்கிழமை எடுத்த பதிவை அந்த அம்மாவே தேடிப் போட்டார். கதாநாயகி கிணற்றுக்கட்டில் ஒரு காலை வைத்தாள். படம் குலைந்தது. கறுப்புத் திரை. நடுவில் உ வந்து நின்றது. பிறகு எழுத்து எழுத்தாக நிலையத்தின் பெயர். எழுத்து எழுத்தாக வினாக்கள். கடைசியில் என். மியூரியல் என்று வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்து, எம். நேசையா என்று வந்தது.

“தகப்பன்ரை எழுத்தை முன்னுக்குப் போட்டிட்டார்,” என்றாள் ஞானாம்பிகை. “எங்கடை வழக்கத்திலை. பிறகுதான் அவை வேதக்காரர், குடும்பப் பெயர் பின்னுக்கு வரும் எண்டு ஞாபகம் வந்திருக்கு. ஒரு பிள்ளையைக் கெடுக்க வந்தவருக்கு அவளின்ரை பெயர் தெரியேல்லை.”

“வாசிச்சு அடிப்பிச்சது ஆர்?” என்று லியோன் கேட்டான்.

“சண்முகநாதன்,” என்றார் பரமலிங்கம். “விளம்பரத்துக்கு எண்டவர். இஞ்சை நிண்டுதான் படமும் எடுத்தவர்.”

“நாளைக்கு வந்து சொல்லுவியளோ?”

பரமலிங்கம் பின்வாங்கினார். “சம்பந்தி முறை, தம்பி. தேவையெண்டால் கிரகங்களுக்கு எதிராக் கதைப்பன். சம்பந்திக்கு எதிராக் கதைக்கமாட்டன்.”

அவருடைய மனைவி கசெற்றை வெளியே எடுத்து ஞானாம்பிகையின் கையில் வைத்தார். “கொண்டு போங்கோ. அவர் கதைக்க வேண்டாம், இது கதைக்கும்.”

திரும்பி வரும் வழியில் லியோன் சைக்கிளில் இருந்தபடி ஒரு பஸ் முழுவதற்கும் கேட்கும் குரலில் பாடினான். ஞானாம்பிகை பாடவில்லை.

“ஒண்டு இடிக்குது, லியோன். மியூரியல் அந்தப் படத்தைப் பாக்கேல்லை.”

“பயத்திலை.”

“பயந்தவள் பாப்பாள். எங்கை பிழை எண்டு தேடுவாள். பாக்கத் தேவையில்லாதவள்தான் பாக்கமாட்டாள். அது பொய் எண்டு அவளுக்கு முதலே நிச்சயமாய்த் தெரியும். தெரிஞ்சதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

லியோன் பாட்டை நிறுத்தினான்.

*

நிர்வாகசபையில் ஐந்து பேர். தலைவர் தியாகராசா ஒரு சமாதான நீதவான். இருபது வருடமாக அயலட்டைச் சனங்களின் சான்றிதழ்களுக்கு ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பவர். பிரதியையோ மூலத்தையோ அவர் வாசித்ததாக யாரும் கண்டதில்லை. மற்ற நால்வரும் தலைவர் தலையசைத்தால் அசைப்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டவர்கள். வடை வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அறிவோடு செய்யப்பட்ட பொருள் அது ஒன்றுதான்.

மேசையின் ஒரு முனையில் மியூரியலும் தாயும். அவர்களுக்கு முன்னால் மன்னிப்புக் கடிதமும் ஒரு பேனையும். பேனை லியோனுடையது. அவன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

ஞானாம்பிகை ஐந்து நிமிடத்தில் முடித்தாள். உ. கறுப்புப் பட்டை. கிளிகள். பரமலிங்கத்தின் வீடு. புதன்கிழமை. கசெற்றை மேசையில் வைத்தாள்.

“இந்தப் படம் இந்த நிலையத்து மெஷினிலை எடுத்தது இல்லை. பதினாலாந் திகதி எடுத்ததும் இல்லை. இவர் செய்விச்ச கள்ளப் படம்.”

ஐரிஸ் மூச்சை விட்டார். ஐந்து பேரும் சண்முகநாதனைப் பார்த்தார்கள்.

சண்முகநாதன் கலங்கவில்லை. ஒரு வடையை எடுத்து மெதுவாகப் பிய்த்தார்.

“ஓம்,” என்றார். “அச்சுவேலியிலைதான் எடுத்தனான். ஆர் இல்லை எண்டது?”

“கமராவோடை ஓடிப்போய் எடுத்தனான் எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஓடினனான்தான். எங்கை ஓடினனான் எண்டு எழுதேல்லையே.” அவர் தலைவரின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். “மூலம் எங்கடை மெஷினுக்குள்ளை இருக்கு, ஐயா. பிறின்ரருக்கு றிபன் இல்லை. பச்சைத் திரை படத்திலை சரியாய் விழாது. ஆனபடியால் நான் அதை வரிக்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு போய், மற்ற மெஷினிலை அடிப்பிச்சு, படம் எடுத்தனான். உ அந்த மெஷினின்ரை பழக்கம். மற்றதெல்லாம் மூலத்திலை உள்ளபடி. ஐயாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது ஒரு உண்மைப் பிரதி.”

தியாகராசாவின் முகம் மலர்ந்தது. கூட்டம் தொடங்கியபின் அவருக்கு விளங்கிய முதல் சொல் அது.

“உண்மைப் பிரதி,” என்றார். “அப்ப சரிதானே.”

நாலு தலைகள் அசைந்தன.

ஒரு நாள் முழுவதும் மிதித்த சைக்கிளும், கிளியும், கிணற்றுக்கட்டும் ஒரே சொல்லில் பெறுமதியற்றுப் போயின. ஞானாம்பிகை சண்முகநாதனைப் புதிதாகப் பார்த்தாள். கொம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஆனால் தியாகராசாவைப் பற்றி முழுவதும் தெரிந்தவர். இந்த ஊரில் முன்னேற இரண்டாவது போதும்.

“அப்ப மூலத்தைக் காட்டுங்கோ,” என்றாள். “அறை பத்தடியிலை இருக்கு. மெஷினைப் போடுங்கோ.”

“வோல்ற்றேச் காணாது.”

“விசிறி சுத்துது.”

“விசிறி வேறை, கொம்பியூட்டர் வேறை, பிள்ளை.”

“உது தொழில்நுட்ப விஷயம்,” என்றார் தலைவர். “நாங்கள் அதுக்குள்ளை போகத் தேவையில்லை. பிள்ளை மியூரியல், கையெழுத்தை வையும். நாங்களும் வீட்டை போக வேணும்.”

சண்முகநாதன் மேசைக்கு மேலாகக் குனிந்து, பேனையை மியூரியலின் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுச் செய்யும், பிள்ளை. நான் உமக்குத் தந்த அனுபவக் கடிதத்தை வைச்சுத்தானே அந்தக் கல்லூரி இடம் தந்தது. அதிலை என்ன எழுதியிருக்கு எண்டு உமக்குத் தெரியும்.”

ஐரிஸுக்கு அது விளங்கவில்லை. ஞானாம்பிகைக்கு விளங்கியது.

“என்ன எழுதியிருக்கு, மியூரியல்?”

“இந்த நிலையத்துப் பெரிய மெஷினிலை ஒரு வருஷம் வேலை செய்த அனுபவம் உண்டு எண்டு.”

“நேற்று ஒரு சொல் சொன்னியள். சின்ன மெஷினிலை கொப்பி எண்டு அடிச்சால் வெள்ளிக் கடதாசியிலை ‘வரும்’ எண்டியள். மாமா வீட்டை கண்டிருக்கிறியள். இஞ்சை இருக்கிற பெரிய மெஷினிலை ரெண்டு கட்டையையும் அமத்தினால் ‘வருமாம்’ எண்டியள். ஒரு வருஷம் அதைப் படிப்பிக்கிற நீங்கள், ஏன் ‘வருமாம்’?”

படத்தைப் பார்க்காத மியூரியலின் கண்கள் இப்போது ஞானாம்பிகையைப் பார்த்தன.

“எனக்கு இதிலை புத்தி சொல்ல ஏலாது,” என்றாள் ஞானாம்பிகை. “கையெழுத்து வைச்சால் நீங்கள் இங்கிலாந்துக்குப் போகலாம். திங்கட்கிழமை செய்முறைப் பரீட்சைக்குப் பரீட்சகர் வரமாட்டார். அந்த அறையின்ரை கதவு திறபடாது. இவருக்கு வேண்டியது அவ்வளவுதான், அதுக்குத்தான் இவ்வளவும். வெளியிலை நாப்பத்தாறு பேர் மட்டையிலை அமத்திக்கொண்டிருப்பினம். கையெழுத்து வைக்காமல் வாயைத் திறந்தால், உங்கடை அனுபவக் கடிதம் கிழியும். இடமும் அதோடை போகும்.”

“இது மிரட்டல்,” என்றார் சண்முகநாதன். இந்தத் தடவை கண் திறந்திருந்தது.

“இல்லை, கணக்கு,” என்றான் லியோன். “மிரட்டல் முதல் வந்தது. உங்கடை பக்கத்தாலை.”

“மியூரியல்,” என்றார் ஐரிஸ். “என்ன இது? எனக்குச் சொல்லு.”

மியூரியல் எழுந்தாள். கதிரை பின்னால் உரசியது. பேனையை எடுத்தாள். சண்முகநாதனின் தோள்கள் தளர்ந்தன. அவள் பேனையை மூடி, மேசைக்கு அந்தப் பக்கமாக உருட்டிவிட்டாள்.

“அம்மா, என்னை மன்னியுங்கோ,” என்றாள். பாடம் சொல்லும்போது வரும் அந்தத் தெளிவு மெல்ல மெல்லக் குரலுக்குள் வந்தது. “அந்த அனுபவக் கடிதம் பொய் எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். போகவேணும் எண்ட ஆசை. பிள்ளையளுக்கு உண்மையைச் சொல்லுவம் எண்டு நான் ஆடி மாதம் கேட்டனான். அதுக்குப் பிறகுதான் இந்தப் படம் வந்தது.”

“இரும், பிள்ளை,” என்றார் தலைவர். “உது இப்ப தேவையோ?”

அவள் இருக்கவில்லை. கண்ணாடி அறையைக் கையால் காட்டினாள்.

“மூலம் எண்டு ஒண்டு அதுக்குள்ளை இருக்க ஏலாது, சேர். நான் இஞ்சை வந்த முதல் நாளிலை இருந்து இண்டைவரைக்கும் அந்தக் கொம்பியூட்டர் ஒருநாளும் வேலை செய்யேல்லை.”